படகுக்காரியின் குரல்

காலை பத்து இருபதுக்கு அக்காவின் போன் வந்தது. நான் ஒரு பல் மருத்துவர் வீட்டுப் பரணில் குப்புறப் படுத்து, சுவர் ஓட்டைக்குள் ஃபைபர் ஒயரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வாயில் டார்ச். அதைத் துப்பிவிட்டு எடுத்தேன்.

"டேய், என் படம் எங்கே?"

"எந்தப் படம்?"

"எனக்கு எத்தனை படம் இருக்கு? ஒண்ணுதானே."

அக்கா டப்பிங் பேசுகிறவள். இருபத்திரண்டு வருடமாகப் பேசுகிறாள். வெளிநாட்டுப் படங்களில் கூட்டத்தில் ஒருத்தி, இரண்டாவது நர்ஸ், மாடியிலிருந்து கத்தும் பக்கத்து வீட்டுக்காரி. நாயகிக்குக் குரல் கொடுத்தது ஒரே ஒரு படத்தில். பதினொரு வருடம் ஆகிறது. ஆற்றில் படகு ஓட்டிப் பிழைக்கும் ஒரு பெண்ணின் கதை. வீட்டில் அதற்குப் பெயர் படகுப் படம்.

"அந்த டப்பாவை மட்டும் நீ எடுத்து வச்சிக்கிட்டியே."

"டப்பா இருக்கு. உள்ள திமிங்கலம் இருக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு அலமாரியைக் காலி செய்து, இருந்த டிவிடி முழுவதையும் என் வேனில் ஏற்றிக்கொண்டு போனவன் நான்.

"மூணு மணிக்குள்ள வேணும். இல்லன்னா நான் பொய்க்காரி" என்றாள்.

பல் மருத்துவரின் மனைவியிடம் மாலையில் வருகிறேன் என்று சொன்னேன். அவர் என் உடம்பில் ஒட்டியிருந்த ஒட்டடையைப் பார்த்து, தாராளமாகப் போங்கள் என்றார்.

அக்கா கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பழைய பருத்தி உடை. மைக் முன்னால் நிற்கப் போகும் நாளில் சரசரக்கும் துணி உடுத்த மாட்டாள். மடியில் வெந்நீர் பிளாஸ்க். மேஜையில் படகு டப்பா திறந்து கிடந்தது. உள்ளே நீல வட்டு. அதில் ஒரு திமிங்கலம் வாலைத் தூக்கியிருந்தது.

"முதல்ல நடந்ததைச் சொல்லு."

சொன்னாள். முந்தின நாள் ஒரு ஸ்டூடியோவில் குரல் தேர்வு. பத்துப் பகுதி உள்ள ஒரு தொடர். படகுப் படத்தில் நடித்த அதே நடிகைதான் நாயகி. "அவளுக்கும் வயசாயிருச்சு. எனக்கும் ஆயிருச்சு. பொருத்தம்தானே?" இரண்டு பக்கம் பேசிக் காட்டியிருக்கிறாள். குரல் இயக்குநருக்குப் பிடித்திருக்கிறது. முப்பது வயதுப் பெண்ணாம். இதற்கு முன் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அக்கா படகுப் படத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் துள்ளிக் குதிக்காத குறையாக அங்கேயே போனில் ஓடிடியைத் திறந்து படத்தை ஓடவிட்டிருக்கிறாள்.

"அறையில ஆறு பேரு இருந்தாங்க. எல்லாரும் கேட்டாங்க. 'அம்மா, இது உங்க குரல் இல்லையே'ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. பின்னாடி எவனோ மூக்கால சிரிச்சான்."

"நீ என்ன சொன்னே?"

"டிஸ்க்குல என் குரல்தான் இருக்கு, கொண்டு வரேன்னேன். மூணு மணிக்குத் தேர்வானவங்க பட்டியல் மேலிடத்துக்குப் போகுதாம். அதுக்குள்ள வாங்கன்னா."

நான் டிவியைப் போட்டேன். படகுப் படத்தைத் தேடி ஓடவிட்டேன். மூடுபனி, ஆறு, துடுப்பு. நாயகி வாயைத் திறந்தாள். வேறு யாரோ பேசினார்கள். இளம் குரல். மெலிசாக, அவசரமாக. ஓடிடிக்காரர்கள் படத்தை வாங்கியபோது புதிதாகப் பேசவைத்திருக்கிறார்கள். பழைய குரல் போட்ட ஸ்டூடியோ மூடி ஏழு வருடம் ஆகிறது. அவர்களிடம் கேட்கவும் ஆள் இல்லை. படத்தின் கடைசியில் குரல் கொடுத்தவர்கள் பெயர் ஓடும். கடைசிக்குத் தள்ளிப் பார்த்தேன். ஓடிடியில் அதையும் காணோம். படம் முடிந்ததும் அடுத்த படத்துக்குத் தாவியது.

இந்த வீட்டில் எனக்கு முன்னால் யாரும் இதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை. டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் இதில் இருக்கிறது, இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு என்று சொன்னது நான். தெருத் தெருவாக ஒயர் இழுக்கிறவன். தினமும் நாலு வீட்டில் இதையே சொல்கிறேன்.

முன்னால் திருப்பி ஓடவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நல்லாத்தான் பேசறா, பாவம்" என்றாள். "மூச்சு எடுக்கத்தான் தெரியல."

டிவியை அணைத்தேன்.

திமிங்கலம் எப்படிப் படகு டப்பாவுக்குள் போனது என்பது எங்களுக்குத் தெரியாத மர்மம் இல்லை. அது அத்தானின் வழக்கம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் ஒரு போல்ட் இடம் மாறாது. வீட்டில் டிஸ்க் விஷயத்தில் மட்டும் அவருக்கு என்று ஒரு முறை. பார்க்க வேண்டிய படத்தின் டப்பாவைத் திறப்பார். டிஸ்க்கை எடுப்பார். பிளேயரைத் திறந்தால் உள்ளே முந்தின படம் இருக்கும். கையில் திறந்திருக்கும் டப்பா எதுவோ, அதற்குள் அதைப் போட்டு மூடிவிடுவார். அதன் சொந்த டப்பாவைத் தேட மாட்டார். அதனால் இந்த வீட்டில் ஒரு படம் வேண்டும் என்றால், அதற்கு அடுத்து எந்தப் படம் பார்த்தோம் என்று ஞாபகம் இருக்க வேண்டும். அவருக்கு இருக்கும். "ஒண்ணாவது தொலைஞ்சிருக்கா?" என்பார். தொலைந்தது இல்லை. கல்யாண வயதில் இருக்கும் அவர் மகள், வீட்டுக்கு வரும் தோழிகளிடம், எங்க அப்பாகிட்ட கேக்காம டப்பாவைத் திறக்காதீங்கடி என்று எச்சரிப்பாள்.

அத்தானுக்குப் போன் போட்டேன். எங்கோ ஒரு குழிக்குள் இருந்து எதிரொலியோடு பேசினார்.

"சொல்லு மாப்ள."

"அத்தான், படகுப் படத்துக்கு அப்புறம் கடைசியா என்ன பாத்தீங்க?"

இரும்பில் இரும்பு உரசியது.

"எதுக்கு?"

சொன்னேன். மறுபடி இரும்பு உரசியது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?"

"ஆமா."

"உங்க அக்கா பக்கத்துலயா?"

"பக்கத்துலதான் இருக்கேன், சொல்லுங்க" என்றாள் அக்கா.

"போன்ல சொன்னா புரியாது. டிஸ்க்கெல்லாம் எங்க கொண்டு போய்க் கொடுத்தான் இவன்?"

"கப்பல்காரங்க விடுதியில" என்றேன்.

"அங்க வந்துடறேன்" என்று வைத்துவிட்டார்.

"போன்ல சொன்னா புரியாதாம்" என்றாள் அக்கா. "ராக்கெட் விடறார்."

கப்பல் ஊழியர் விடுதி துறைமுகத்துக்கு எதிர்த் தெருவில் இருந்தது. இரண்டு மாடி, சுண்ணாம்பு வெள்ளை, வாசலில் சாய்த்து வைத்த சைக்கிள்கள். கரையில் இறங்கும் மாலுமிகள் குளிக்க, போன் பேச, படிக்க வருவார்கள். நடுக்கடலில் நெட் இல்லாததால் டிவிடி கேட்பார்கள் என்று தெரிந்துதான் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய இரும்புக் கடைக்காரர் எடுக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

பொறுப்பாளர் ஒரு அம்மாள். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்கதானே அது? எந்தப் பைத்தியக்காரர் வீட்டு டிஸ்க் இது?"

"எங்க அத்தான் வீடு, மேடம்."

"சமையல் படத்தைத் திறந்தா பேய் வருது. பேய்ப் படத்தைத் திறந்தா கார்ட்டூன் வருது. ரெண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்து, அதது டப்பாவுல போட்டேன். கை விரல் இன்னும் வலிக்குது."

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தானின் சங்கிலி முழுவதையும் இந்த அம்மாள் அறுத்துவிட்டார். ஆனால் அது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் படகு டிஸ்க் தனியாக மிஞ்சியிருக்க வேண்டும். அதன் டப்பா எங்களிடம் இருக்கிறதே.

"டப்பா இல்லாம ஒரு டிஸ்க் மிச்சம் இருந்திருக்குமே, மேடம்? படகு, ஆறு…"

"மிச்சம் ஒண்ணும் இல்ல. குறையத்தான் குறைஞ்சது. முந்நூத்திப் பதினோரு டப்பா, முந்நூத்திப் பத்து டிஸ்க். திமிங்கலம் மட்டும் இல்ல."

நான் பையிலிருந்து திமிங்கலத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்து, "அப்ப சரியாப் போச்சு" என்றார். அவருக்குச் சரியாகப் போயிற்று.

அக்கா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பிளாஸ்க்கைத் திறந்தாள். குடிக்காமல் மூடினாள்.

"அப்ப அது இல்லவே இல்ல" என்றாள்.

"இருக்கும்க்கா."

"எங்கே? முந்நூத்திப் பத்தும் அவங்க கை வழியா போயிருக்கு." குரல் தணிந்துவிட்டது. "ஒரே ஒரு வேலைடா. இருபத்திரண்டு வருஷத்துல. அதையும் நானே கற்பனை பண்ணிக்கிட்ட மாதிரி ஆயிருச்சு."

அப்போது அத்தான் வந்தார். முழங்கை வரை கிரீஸ். எங்களைப் பார்த்தார். அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கூடத்துக்குள் போனார். டிவி வைத்திருந்த மேஜையின் கீழே குனிந்து பார்த்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"பிளேயர் எங்க?"

"எந்தப் பிளேயர்?" என்றார் பொறுப்பாளர்.

"என் பிளேயர். டிஸ்க்கோட இவன் கொண்டு வந்தானே."

"அதுவா? இங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. ஒரு கப்பல் சமையல்காரர், அவங்க கப்பல்ல இருக்கறது ரிப்பேர்னு கேட்டார். நேத்து கொடுத்தனுப்பினேன். இருபது படமும் எடுத்திட்டுப் போனார்."

அத்தான் நெற்றியைத் துடைத்தார். நெற்றியிலும் கிரீஸ் ஆனது.

"அதுக்குள்ளதான் இருக்கு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியாகப் பார்த்த படம் எந்த டப்பாவிலும் இருக்காது. அதைத் தள்ளிவிட அடுத்த படம் வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க லிஃப்ட் மெக்கானிக் வேண்டியதில்லை. பிளேயரின் ஒயர்களைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டவன் நான். ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.

"கப்பல் எப்ப கிளம்புது?" என்று கேட்டேன்.

பொறுப்பாளர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். "ஒரு மணிக்கு."

மணி பன்னிரண்டு ஐந்து.

அந்த அம்மாள் இரண்டு நாள் டிஸ்க் அடுக்கியவர் என்பது அப்போது உதவியது. அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. கப்பலுக்குப் போன் செய்தார். யாரோ எடுத்தார்கள், யாரையோ கூப்பிடப் போனார்கள், வைத்துவிட்டார்கள். மறுபடி செய்தார். கடைசியில் சமையல்காரர் வந்தார். இவர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் நெடுநேரம் பேசியது.

"மூணாம் வாசலுக்குப் போங்க. உள்ள விட மாட்டாங்க. அவரே கொண்டு வரேன்றார்." பிறகு திமிங்கலத்தை என் கையில் திணித்தார். "சும்மா வாங்காதீங்க. இதைக் கொடுங்க. நான் பதிவுல மாத்திக்கறேன்."

என் வேனில் முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். அத்தான் பின்னால் ஏணிக்கும் ஒயர் சுருளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். மூணாம் வாசல் இரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் கண்டெய்னர் லாரி.

அக்கா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பினாள்.

"ஏங்க. அதைக் கடைசியா யார் பாத்தது?"

பின்னால் ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நான் பாக்கல. நம்ம பொண்ணும் பாத்திருக்க மாட்டா, அவளுக்கு அந்தப் படமே மனப்பாடம்."

"லாரியைப் பார்த்து ஓட்டு மாப்ள" என்றார் அத்தான்.

நான் லாரியைப் பார்த்தேன். மனம் கணக்குப் போட்டது. போன வருடம் ஒரு தேர்வில் அக்காவை வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள். அத்தானுக்கு ஆறுதல் சொல்ல வராது. விட்டுத் தொலையேன், உன் குரலை யார் கேக்கறா என்று சொல்லிவிட்டார். அக்கா வாயை மூடினாள். பத்தொன்பது நாள். சாப்பாடு வரும், துவைத்த சட்டை வரும், பேச்சு வராது. என்னைத்தான் கூப்பிட்டார்கள். சமாதானம் பேசப் போகிறவன் வெறுங்கையோடு போக வேண்டாமே என்று ஓடிடிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். இருபதாவது நாள் அதை மாட்டினேன். எது எந்தப் பொத்தான் என்று என்னிடம் கேட்கும் சாக்கில் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் டிஸ்க் போட்டதில்லை.

அப்படியானால் படகு பிளேயருக்குள் போனது அந்தப் பத்தொன்பது நாளில்.

நான் கண்ணாடியில் அத்தானைப் பார்த்தேன். அவர் ஒயர் சுருளை எண்ணிக்கொண்டிருந்தார். அதில் எண்ண ஒன்றும் இல்லை.

அக்காவும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்கவில்லை.

மூணாம் வாசலில் கம்பிக் கதவு. காவலர் எங்களை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். நின்றோம். பன்னிரண்டு இருபத்தைந்து. பன்னிரண்டு முப்பத்தைந்து. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. அதுதானா என்று காவலரிடம் கேட்டேன். எல்லாக் கப்பலும் அப்படித்தான் ஊதும் என்றார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஒருவர் சைக்கிளில் வந்தார். வெள்ளை ஏப்ரன், ரப்பர் செருப்பு. பிளேயர் இல்லை. கையில் செய்தித்தாள் சுற்றிய தட்டையான பொட்டலம்.

"யாருக்கு வேணும் இது?" என்றார். "எஞ்சின் ரூம் ஆளுங்க இன்னும் பாக்கல. நேத்து நாங்க பாத்ததைச் சொல்லிச் சொல்லி ஆசை காட்டி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போறேன்னா அடிக்க வரானுங்க."

"அண்ணே, உங்களுக்குத் தொந்தரவுதான்" என்றாள் அக்கா. "ஆனா அது இல்லாம என்னால போக முடியாது."

அவர் பொட்டலத்தை நீட்டியவர், நிறுத்தினார். கம்பிக்கு அருகில் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்ப்பதை விட்டு, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"என்ன சொல்ல?"

"ஐயோ, அவங்களேதான்!" காவலர் பக்கம் திரும்பினார். "இவங்கதாங்க படகுக்காரம்மா! நேத்து சொன்னேனே!" காவலருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு நேற்று லீவு.

"மூஞ்சி வேற. குரல் நீங்க" என்றார் சமையல்காரர்.

"குரல் நான்தான்" என்றாள் அக்கா.

அத்தான் வானத்தைப் பார்த்தார்.

நான் திமிங்கலத்தைக் கொடுத்தேன். சமையல்காரர் வாங்கி, வட்டில் இருந்த வாலைப் பார்த்தார்.

"இதுவா? இதை நான் ஜன்னல் வழியாவே பாக்கறேன்யா" என்றார். ஆனாலும் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஸ்டூடியோவுக்கு இரண்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக் கட்டடம், நாலாவது மாடி. அத்தான் லிஃப்ட் ஏறும்போது சத்தத்தைக் கேட்டு, கயிறு மாத்த வேண்டிய நேரம் என்றார். அக்கா டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

குரல் இயக்குநர் நல்ல பெண். டிஸ்க்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒலிப்பதிவாளரிடம் கொடுத்தாள். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எதுல போடறது?"

யாருக்கும் தெரியவில்லை. அந்த மாடியில் பதினான்கு கணினிகள் இருந்தன. ஒன்றிலும் டிஸ்க் போடும் வாய் இல்லை. ஒருவர் தன் மாமனார் வீட்டில் இருக்கும் என்றார். மாமனார் வேறு ஊர். மூக்கால் சிரித்தவர் எவர் என்று நான் ஒவ்வொரு மூக்காகப் பார்த்தேன். தெரியவில்லை.

"மேடம், அது என் குரல்தான்" என்றாள் அக்கா. "கப்பல்ல ஒருத்தர்கூட…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். சொன்னால் யார் நம்புவார்கள்.

மணி இரண்டு முப்பது.

நான் கீழே இறங்கினேன். கட்டடம் முழுக்க எனக்கு முன்னால் ஒயர் போட்டவன் எவனோ, அவன் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பான். வாசல் காவலரின் அறை. அங்கே கேமரா பதிவு பார்க்கும் பழைய கணினி ஒன்று மேஜைக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். முன்பக்கம் டிஸ்க் வைக்கும் தட்டு. மாதம் ஒரு முறை பதிவை டிஸ்க்கில் எழுதி அலமாரியில் வைக்க வேண்டும் என்பது காப்பீட்டுக்காரர் உத்தரவாம். கட்டடத்திலேயே இன்னும் டிஸ்க் வாங்குகிற ஆள் வாட்ச்மேன்தான்.

எல்லாரையும் கீழே கூப்பிட்டேன். அந்த அறையில் இரண்டு பேர்தான் நிற்கலாம். ஏழு பேர் நின்றோம். அத்தான் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தட்டு உள்ளே போனது. சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. கப்பலில் ஏதாவது கீறல் விழுந்திருந்தால் என்று நினைத்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள்.

திரையில் நாலு கட்டமாக இருந்த வாசல், படி, மாடி, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் மறைந்து ஆறு வந்தது. மூடுபனி. துடுப்பு. நாயகி ஒரு அதிகாரியின் முன்னால் நிற்கிறாள். தீப்பெட்டி அளவு ஸ்பீக்கரிலிருந்து அக்கா பேசினாள்.

"அந்தக் கரையில யாரும் இல்லன்னு யார் சொன்னது? நான் போறேன்ல."

வாட்ச்மேன் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

குரல் இயக்குநர் படத்தை நிறுத்தினாள். "அம்மா, அதே வரி. இப்ப."

அக்கா கண்ணைத் திறக்காமல் சொன்னாள். பதினொரு வருடம் கூடியிருந்தது. கொஞ்சம் தாழ்ந்திருந்தது, கொஞ்சம் கரகரத்தது. ஆனால் 'நான்' என்ற இடத்தில் மூச்சை நிறுத்தி இறக்கிய விதம் ஒன்றுதான். அது திரையில் இருந்தவளிடம் இருந்தது. காலையில் டிவியில் கேட்டவளிடம் இல்லை.

ஒலிப்பதிவாளர் கடைசிக்குத் தள்ளினார். வெள்ளை எழுத்தில் பெயர்கள் ஏறின. குரல் கொடுத்தவர்கள் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே முதல் வரியில் அக்காவின் பெயர்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றாள் இயக்குநர். "நான் அங்கேயே எல்லார் முன்னாடியும் போட்டிருக்கக் கூடாது."

"நீ போட்டதாலதான் எனக்கே தெரிஞ்சது" என்றாள் அக்கா. "இல்லன்னா எவளோ என் படத்துல பேசறது தெரியாமலே செத்திருப்பேன்."

இயக்குநர் போனை எடுத்து அங்கிருந்தே மேலே பேசினாள். இரண்டு சொல்தான். கிடைச்சாச்சு, இவங்கதான். பிறகு ஒலிப்பதிவாளரிடம் டிஸ்க்கைக் கணினியில் ஏற்றி வைக்கச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, அக்காவுக்கும் அனுப்புவதாகச் சொன்னார். "டிஸ்க்கையும் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றேன் நான். ஒயர் இழுக்கிறவன் வாயிலிருந்து அது வந்தது எனக்கே விநோதமாக இருந்தது. அவர் அதைத் துணியால் துடைத்து, நான் பையிலிருந்து எடுத்து நீட்டிய டப்பாவுக்குள் அழுத்தினார். டொக் என்று உட்கார்ந்தது. பல மாதங்களில் அதன் சொந்த டப்பாவுக்குள் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குப் பதிவு. பத்துப் பகுதியும்.

எனக்குத் திடீரென்று பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கால் மரத்திருந்தது. வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நாலு கட்டத்தையும் மறுபடி திரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அடுத்த தடவை முழுப் படத்தையும் கொண்டு வாங்க என்றார்.

இயக்குநர் வாசல் வரை வந்தாள்.

"தொண்டையைப் பாத்துக்கங்கம்மா. திங்கள் வரைக்கும் அதிகம் பேசாதீங்க. வீட்ல பேசவே வேண்டாம்."

"மறுபடியுமா?" என்றார் அத்தான்.

அவர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இயக்குநருக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

நாங்கள் படியில் நின்றோம். வெயில் கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெருவில் விழுந்தது. நான் வேன் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன். சாவி என் கையிலேயே இருந்தது.

அக்கா பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தாள். மூடியில் இன்னும் கொஞ்சம் ஊற்றி அத்தானிடம் நீட்டினாள். அவர் கிரீஸ் படாமல் இரண்டு விரலால் வாங்கினார்.

"அந்தப் பத்தொன்பது நாள்ல," என்றாள் அக்கா, "எத்தனை தடவைங்க பாத்தீங்க?"